ஆடாத மேசை

தேநீர் நன்றாக இருக்கிறது. இப்படி அளவாகச் சீனி போட எங்கள் பட்டறையில் எவருக்கும் கை வராது.

சிட்னியில், கிரவீனில் இருக்கும் அந்தப் பட்டறையில் இருபத்திரண்டு வருடமாக இயந்திரங்களை அளக்கிறேன். இயந்திரத்தின் தட்டு நேராக நகர்வதுபோலத் தெரியும், நகராது. எங்காவது ஒரு பக்கம் சாயும். அதன்மேல் கண்ணாடி வைத்து லேசர் ஒளியை அனுப்பி, திரும்பி வருவதைக்கொண்டு எந்த இடத்தில் எவ்வளவு பிழை என்று கண்டுபிடிப்பேன். அதைக் கழிக்கும்படி இயந்திரத்துக்கு ஓர் அட்டவணை கொடுக்க வேண்டும். கழிப்பதற்குப் பதில் கூட்டிவிட்டால் பிழை இரட்டிப்பாகும். அவ்வளவுதான் தொழில்.

விக்னராஜா என்னோடு அளப்பதற்குப் போன வருடம் வந்தவர். முதலாளி எடுத்துக் கொடுத்த வேலை விசா. வேலை போனால் விசாவும் போகும்.

லேசர் அளவில் ஒரு சின்ன நடுக்கம் இருந்தது. வினாடிக்கு நான்கு தடவை. நான் குளிரூட்டியை நிறுத்தினேன், கதவை அடைத்தேன், தெருவில் போகும் லொறிகளைப் பற்றிக் நகரக் கவுன்சிலுக்கு மூன்று கடிதம் எழுதினேன். ஒரு நாள் மத்தியானம், எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது விக்னராஜா சொன்னார்:

"அண்ணை, குறை நினையாதேங்கோ. நீங்கள் கதிரையில இருக்கேக்கதான் அது வருது. எழும்பினா நிக்குது. காலாட்டிறதைக் கொஞ்சம் விடுங்கோவன்."

"சின்னனில அம்மா தொடையில ரெண்டு போடேல்லைப் போல," என்றார் கணக்குப் பகுதி ரஞ்சினி.

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். கடைசியாக நிறுத்தியது நான்தான்.

அன்று பின்னேரம் விக்னராஜா கையெழுத்திட்டிருந்த அட்டவணையைத் திறந்து, கழித்தல் குறிகளைக் கூட்டலாக மாற்றினேன். நாற்பத்தொரு இடம். கோபம் எதுவும் இல்லை. ஆட்டம் எங்கிருந்து வருகிறதோ அதை அகற்றுவது என் வேலை.

அந்த இயந்திரம் செயற்கை முழங்கால் மூட்டு வெட்டுவது. அரைத் தலைமயிர் அளவாக இருந்த பிழை முழு மயிர் அளவாயிற்று. பதினொரு பேருக்குப் பொருத்திய பிறகுதான் தெரியவந்தது. நடக்கும்போது மூட்டு ஆடுகிறதாம்.

"அண்ணை, நான் மாறி எழுதேல்லை. உங்களுக்குத் தெரியும்தானே?" என்று விக்னராஜா என்னிடம் கேட்டார். ஓம் என்றேன். நான் பொய் சொல்லும் ஆள் இல்லை. முதலாளி என்னைக் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

வேலையும் விசாவும் போய் ஊருக்குத் திரும்பிய அன்று, விமான நிலையத்துக்கு அவர்களை என் காரில்தான் கொண்டுபோய் விட்டேன். அவருடைய மனைவி தர்சினிக்கு ஏழாம் மாதம். கால் நீட்டி இருக்கட்டும் என்று முன் இருக்கையைப் பின்னுக்குத் தள்ளிக் கொடுத்தேன். வழி முழுவதும் அழுதுகொண்டு வந்தவர், இறங்கும்போது எனக்கு நன்றி சொன்னார்.

நடுக்கம் மட்டும் போகவில்லை. அதே நான்கு தடவை. புதிதாக வந்திருக்கும் நிஷானியாகத்தான் இருக்க வேண்டும். அவருடைய அட்டவணையில் பத்துக் குறி மாற்றியிருந்தேன்; அதற்குள் நீங்கள் வந்துவிட்டீர்கள்.

எல்லாம் நான் செய்ததுதான். வாக்குமூலத் தாளைத் தாருங்கள், கையெழுத்து வைக்கிறேன். ஆனால் ஒன்று. கோப்பையில் தேநீர் அலைகிறது, பாருங்கள். உங்கள் இருவரில் யாரோ மேசைக்கடியில் காலை ஆட்டுகிறீர்கள். தயவுசெய்து நிறுத்துங்கள், என்னால் எழுத முடியவில்லை.