உம்மு காஸி கிண்ணம் வாங்கிப் போனது யாருக்காக

என் பேரு நுஸைபா. வயசு ஐம்பத்தி நாலு. காலமான சாலிமோட சம்சாரம். தஃபீலா டவுனுக்கு மேல மலைக்கிராமத்துல, பள்ளிவாசலுக்குப் பின்வீடு. ஊர்ப் பள்ளிக்கூடத்துல ஆறாவது வரைக்கும் படிச்சிருக்கேன். விபத்துல தப்பிச்ச டீச்சர் தலால் என் தம்பி பொண்ணு. அன்னைக்கு விசாரிக்க வந்த உங்க போலீஸ் ஆளுங்க ஆம்பளைங்களை மட்டும் கேட்டு, எங்க வீட்டு டீயையும் குடிச்சுட்டுப் போனாங்க. எங்கிட்ட யாரும் கேக்கல. அதனால நானே வந்து சொல்றேன்.

போன மாசம் தலால் தன் சின்ன காரை ஓட்டிக்கிட்டு, கூட வேலை பாக்குற இப்திஸாமைப் பக்கத்துல உக்கார வச்சுக்கிட்டுப் பள்ளிக்கூடம் போனா. மலை வளைவுல தப்பான பக்கம் ஏறி வந்த பிக்கப் வண்டி மோதி, இப்திஸாம் அங்கேயே மவுத்தாயிட்டா. பிக்கப் நிக்காமப் போயிடுச்சு. தலாலை ஆஸ்பத்திரியில சேத்தாங்க.

அதுக்கப்புறம் மறுநாள் காலையில மாத்துத்துணி எடுக்க நான் வீட்டுக்கு வந்தப்ப, உம்மு காஸி வந்து நின்னா. ஆட்டு மந்தை வச்சிருக்குற பெரிய வீட்டுக்காரி. எங்கிட்ட ஒரு பித்தளைக் கிண்ணம் இருக்கு, உள்ளே குர்ஆன் வசனம் வெட்டியிருக்கும். யாராச்சும் பயந்துட்டா அதுல தண்ணி ஊத்தி, பயந்தவங்க பேரையும் தாய் பேரையும் சொல்லி, வெட்டவெளியில விடியுற வரைக்கும் வச்சிருந்து குடிக்கக் குடுப்போம். யார் கேட்டாலும் நான் இல்லேன்னு சொல்றதில்ல.

"யாருக்குடி?"ன்னு கேட்டேன்.

"சின்னவன் முஹன்னதுக்கு அக்கா. கண்ணை மூடினா அலறுறான். நாய் துரத்திடுச்சு"ன்னா.

எட்டு நாய் வளக்குற வீடு. நாய்க்குட்டியோட ஒரே தட்டுல தின்னு வளந்தவன் நாயைக் கண்டு பயந்தானாம், சுப்ஹானல்லா! எனக்கு யோசிக்க நேரமில்ல. குடுத்துட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினேன்.

அன்னைக்கு சாயங்காலந்தான் அவ மூத்த மகன் காஸி உங்ககிட்ட வந்து, பிக்கப் ஓட்டினது நான்தான்னு சொன்னான். அவன்கிட்ட லைசென்ஸ் இருக்கு. சின்னவனுக்கு இல்ல, அவனைப் பட்டாளத்துல சேக்க அலையிறாங்க. ஆளைக் கொன்னுட்டு ஓடினவனைப் பட்டாளத்துல எடுப்பாங்களா?

தலால் கண் முழிச்ச நிமிஷத்துலேருந்து ஒரே பேச்சுதான். ஓட்டினது முஹன்னத், கண்ணாடி வழியா என்னைப் பாத்தான்னு. யாரும் நம்பல, அதிர்ச்சியாம். அவ இப்ப எந்த வண்டியிலயும் ஏறுறதில்ல. தொழுகையில உக்காந்தாக்கூட வலது கால் பிரேக்கை மிதிக்கிற மாதிரி பாயை அழுத்திக்கிட்டே இருக்கும். ஊரே பைத்தியம்னு சொல்லிச் சொல்லி, கடைசியில அவளே எங்கிட்ட, "அத்தை, நான் நெசமாவே பாத்தேனா, இல்ல என் புத்திதான் கெட்டுப்போச்சா?"ன்னு கேட்டா.

அதுக்கப்புறம் போன வெள்ளிக்கிழமை காஸி வீட்டுப் பெரிய மனுஷங்க என் தம்பி வீட்டுக்குச் சமாதானம் பேச வந்தாங்க. தம்பி காபி ஊத்தி வச்சான். கேட்டதுக்குச் சரின்னு சொல்ற வரைக்கும் வந்தவங்க அதைத் தொட மாட்டாங்க. தலைமைக்கு ஒரு ஹாஜியார், மூணு தடவை மக்கா போனவராம். போய் என்ன செஞ்சாரோ!

"காஸி தப்பை ஒத்துக்கிட்டான். பொண்ணு ஏதோ உளறுது, சின்னவன் பேரைச் சொன்னதை வாபஸ் வாங்கிட்டா காபியைக் குடிச்சிடுவோம்"னாரு. தம்பி தலையாட்டப் போனான்.

உள்ளறையில உம்மு காஸி தலாலோட கன்னத்தைத் தடவிக்கிட்டு, "பாவம். கிண்ணத்தை நாளைக்கே திருப்பி அனுப்புறேன் அக்கா. இவளுக்குக் குடுங்க, புத்தி தெளியட்டும்"னா.

எனக்கு அப்பதான் பொறி தட்டுச்சு. அவ கையைப் புடிச்சு ஆம்பளைங்க அறை வாசல்ல கொண்டு நிறுத்தி, எல்லாருக்கும் கேக்குற மாதிரிக் கேட்டேன்: "யார் பேரைச் சொல்லிடி கிண்ணத்தை வாங்கிட்டுப் போன? வண்டி ஓட்டினது காஸின்னா அவன்ல அலறணும்? வீட்டுல படுத்திருந்தவன் எதுக்கு அலறுனான்?"

"அது... நாய்..."

"எந்த நாய்? காட்டு, அதையும் சாட்சிக்குக் கூட்டிட்டுப் போவோம்."

பின்னாடி யாரோ சிரிச்சுட்டாங்க. ஹாஜியார், "இதெல்லாம் பொம்பளைங்க பேச்சு"ன்னாரு.

"ஆமா, ஆம்பளைங்க பேச்சைத்தான் இவ்வளவு நேரம் கேட்டோமே"ன்னேன்.

தம்பி தலையாட்டல. காபி ஆறிப்போச்சு. குடிக்காமயே எழுந்து போனாங்க.

அதுக்கப்புறம் தலால் என் முக்காட்டு நுனியைப் புடிச்சுக்கிட்டு, "முஹன்னதுன்னேதான் சொன்னாளா அத்தை?"ன்னு கேட்டா. "அவ வாயாலயே சொன்னா"ன்னேன். அப்பத்தான் அழுதா. இப்திஸாம் பேரைச் சொல்லி அழுதா. மோதினதுலேருந்து அந்தப் பொண்ணு அழுது நான் பாத்ததில்ல.

தலால் சொன்னதை நம்ப முடியாதுன்னு நீங்க எழுதி வச்சிருக்கீங்களாம். என் கண்ணு முன்னால அந்த வரியை அடிங்க. அடிச்சுட்டு அவளைக் கூப்பிட்டு மறுபடி கேளுங்க. மலையிலேருந்து என்கூட நடந்தே வந்து, வெளியே பெஞ்சுல உக்காந்திருக்கா.

நான் சொன்னதுல ஒரு சொல்லும் பொய்யில்ல. நாளைக்கு அல்லா முன்னால நின்னாலும் இதையேதான் சொல்லுவேன். எழுதினதை வாசிச்சுக் காட்டினாங்க, சரியா இருக்கு. பெருவிரலுக்கு மை வேணாம், எனக்குப் பேரெழுதத் தெரியும்.

நுஸைபா