எட்டாம் நாள் அலசிய சேலை

கிழக்கு வெளுக்கிறது. பின்னால் இலங்கைக் கடற்படை ரோந்துப் படகின் உறுமல். பிறகு சடசடவென்று துப்பாக்கிச் சூடு.

“குனியுங்கோ! பிள்ளையின்ர வாயைப் பொத்துங்கோ!”

படகோட்டி கத்துகிறான். நான் பொத்தவில்லை. என் மகள் வதனியின் சேலையைக் குழந்தையின் முகத்தருகே வைத்தேன். பிறந்து ஆறு நாளான என் பேத்தி. மூக்கால் துழாவினாள். அடங்கினாள்.

முந்தைய நாள் காலை முற்றத்தில் ஓர் எறிகணை விழுந்தது. வதனியும் அவள் கணவனும் அங்கே இருந்தார்கள். நானும் பேத்தியும் வீட்டுக்குள். தோட்டத்தில் புதைத்துவிட்டுக் கிளம்பினேன். அந்தச் சேலை, சாவதற்கு முதல்நாள் அவள் உடுத்துக் களைந்தது. பால் மணம் போகாதது.

1986. ஸ்ரீரங்கம். திருச்சியில் என்னோடு கல்லூரியில் படித்த நண்பர் ஓர் அறை தந்தார். புட்டிப்பால் குழந்தைக்கு ஒத்துக்கொள்ளவில்லை. பக்கத்து வீட்டில் செல்வி. முசிறிப் பெண். கைக்குழந்தைக்காரி.

“எங்கிட்ட குடுங்கய்யா. என் மவன் குடிச்சது போக இருக்கு.”

பேத்தி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். செல்வி வதனியின் சேலையை வாங்கித் தன் மேல் போர்த்திக்கொண்டாள். குழந்தை குடித்தது. இரண்டு நாள் அப்படிச் சென்றது.

வதனி இறந்த எட்டாம் நாள். சாவுத் துடக்கு, அதாவது தீட்டு, பட்ட துணிகளை அன்று அலசுவது எங்கள் ஊர் வழக்கம். செய்வதற்கு வேறு எவருமில்லை. அம்மா மண்டபப் படித்துறையில் புரோகிதர் மந்திரம் சொன்னார். நான் சேலையைக் காவிரியில் அலசினேன். மூன்று முறை. சோப்பும் போட்டேன். நான் வேதியியல் கற்பித்தவன். மணம் எதனால் ஆனது என்று ஆண்டுதோறும் கரும்பலகையில் எழுதியவன்.

மாலையில் குழந்தை குடிக்கவில்லை. மறுநாளும் இல்லை. முதலில் வீறிட்டது. பிறகு முனகியது. பிறகு ஒலியே இல்லை. செல்வியின் பாலைச் சொட்டுச் சொட்டாக வாயில் விட்டோம்.

“படிச்சவுங்க, நீங்களே இப்படிப் பண்ணிட்டீங்களே.”

செல்வி அவ்வளவுதான் சொன்னாள். தலைப்பூவை எடுத்தாள். பவுடரை நிறுத்தினாள். குளிக்கவில்லை. கட்டிய சேலையை மாற்றவில்லை. குழந்தையை வெற்று மார்பிலேயே கிடத்தியிருந்தாள்.

“எங்க வீட்டுக்காரரு மூக்கைப் புடிச்சுக்கிட்டு வாசல்ல போய் உக்காந்துக்கிறாரு. கெடக்கட்டும். இந்த மகாராணிக்குப் புடிச்சாப் போதும்.”

அப்படி மூன்றாம் நாள் காலை. கோயில் மணி. குழந்தை தானே தலையை நகர்த்துகிறது. முகர்கிறது. பற்றுகிறது. விழுங்கும் ஒலி எனக்குக் கேட்டது.

ஒரு வாரத்தில், செல்வி அறைக்குள் நுழைந்தாலே அழுகை நின்றது. வதனியின் சேலையை நீட்டிப் பார்த்தேன். குழந்தை திரும்பவில்லை.

இழந்தவை. மகள் ஒருத்தி. மருமகன் ஒருவன். வீடு ஒன்று. புத்தக அலமாரிகள் நான்கு. பேத்திக்கு அவள் தாய், இரண்டு முறை. இரண்டாம் முறை என் கையால்.