நாலு சேவியர்

மார்த்தாண்டத்திலிருந்து குளச்சல் போகும் பேருந்தில் எனக்கு முன் இருக்கையில் இரண்டு தோழிகள். ஒருத்தி நிறைமாதக் கர்ப்பிணி. மற்றவள் சொன்னதைக் கேட்டு இயர்போனைக் கழற்றினேன்.

“எங்க தெருவுல நாலு சேவியரு. மூணு சேவியர கம்ப்யூட்டரு அழிச்சிட்டுது.”

“அழிச்சிட்டுதா? எப்பிடிட்டி?”

“புயல் வருதுன்னு போனுக்கு மெசேஜ் வரும்லா, அதுல. நாலு பேருக்கும் அப்பா பேரு அந்தோணி, ஊரும் ஒண்ணு. ஒரே ஆளுதான்னு நெனச்சிட்டுது. எங்க அண்ணன் சேவியருக்கு மெசேஜே வரல்ல. வலையும் கொண்டு கெளம்பிட்டான். மெசேஜ் வந்த சேவியரு ஓடிவந்து தடுத்தாரு.”

“அதுக்கா வேலைய விட்டுட்டு படிக்கப் போற?”

“ஆமா. தகவல் சரியா இருக்கான்னு பாக்கதுக்குன்னே எம்.எஸ்சி. இருக்கு மக்கா. சீட்டும் கெடச்சாச்சி.”

கர்ப்பிணி வயிற்றைத் தடவிக்கொண்டாள். “எங்க வீட்டுக்காரரு அந்தோணி. ஆம்பளப் பிள்ளன்னா மாமனாரு பேரு, சேவியருன்னுதான் வைக்கணும். வேற பேரு வைக்கட்டா?”

“எதுக்குட்டி? சேவியருன்னே வை. அவன் கடலுக்குப் போறதுக்குள்ள நான் படிச்சி முடிச்சிருவேன்.”