அனோஜினி சொன்னதும் நான் சொன்னதும்

என்னுடைய பிரெஞ்சில் இதுவரை யாரும் பிழை பிடித்ததில்லை. மொன்றியலிலேயே பிறந்தவர்கள்கூட எங்கே படித்தீர்கள் என்று கேட்பார்கள். இருந்தாலும் இன்றைக்குத் தமிழிலேயே சொல்கிறேன். தாய்மொழியில் வாக்குமூலம் கொடுப்பது என் உரிமை என்று விசாரணையைத் தொடங்கும்போது நீங்கள்தானே சொன்னீர்கள், ஐயா. அதற்காகச் சென்னைப் பிள்ளை ரக்ஷனாவையும் மொழிபெயர்க்கக் கூட்டிவந்து பக்கத்தில் இருத்தியிருக்கிறீர்கள். எங்கள் பகுதிச் சிறுவர் சேவையில் அந்த உரிமையைக் கொண்டுவந்தவளே நான்தான்.

சில வருடங்களுக்கு முன் அரசாங்கப் பரிசோதகர்கள் வந்து எங்களைக் கிழிகிழியென்று கிழித்துவிட்டுப் போனார்கள். பெற்றோரிடம் விடமுடியாத தமிழ்ப் பிள்ளைகளைத் தமிழே தெரியாத வீடுகளில் விடுகிறோமாம். பிள்ளைகள் சொல்வதை யாரும் காதுகொடுத்துக் கேட்பதில்லையாம். திருத்துகிற பொறுப்பு என் தலையில் விழுந்தது. மேலதிகாரிகளுக்கு எங்கள் சனத்தைப் பற்றி ஒரு மண்ணும் தெரியாது. நான்தான் ஞாயிறு பூசை முடிய மாதா கோயில் வாசலில் நின்று குடும்பம் குடும்பமாகக் கதைத்து, பத்துப் பன்னிரண்டு தமிழ் வளர்ப்பு வீடுகளைச் சேர்த்தேன்.

அதில் முதல் வீடு யோசெப்பின் அக்காவுடையது. கோயில் பாடகர் குழுவில் முன்வரிசையில் நிற்பவர். கணவர் அருமைராசா டோர்வல் விமான நிலையத்தில் பெட்டி ஏற்றுகிறவர். வீட்டில் அவருக்கு வாயே கிடையாது. அங்கேதான் அனோஜினியையும் தம்பி டினோஜனையும் விட்டேன். அவளுக்குப் பத்து வயது, அவனுக்கு நாலு. தாய் நோயாளியாக ஆஸ்பத்திரியில் இருந்தாள். தகப்பன் இல்லை.

யோசெப்பின் அக்கா கண்டிப்பானவர். சின்னவன் படுக்கையை நனைத்தால் பல்கனியில் விட்டுக் கதவைப் பூட்டுவார். அனோஜினி அதை என்னிடம் சொன்னபோது இலையுதிர் காலம், குளிர் இன்னும் பிடிக்கவில்லை. நான் அக்காவிடம் போய்க் கேட்டேன். கேட்கவில்லை என்று யாரும் சொல்ல முடியாது.

"பிள்ளை வளர்க்கிறதெண்டால் அப்பிடித்தான், அஞ்சலீனா," என்றார் அவர். "நீர் ஒண்டை வளர்த்துப் பாரும், தெரியும்."

எனக்குப் பிள்ளைகள் இல்லை. அந்தச் சொல் எனக்குச் சுட்டது. மேலே ஒன்றும் கேட்காமல் வந்துவிட்டேன்.

முதற்பனி கொட்டின கிழமை மறு பரிசோதனை நடந்தது. வந்த பெண் அதிகாரி அனோஜினியோடு பேச வேண்டும் என்றார். மொழிபெயர்ப்பாளராக நானே உட்கார்ந்தேன். அவள் "போன்ஜூர் மதாம்" என்று பிரெஞ்சிலேயே தொடங்கினாள். பள்ளிக்கூடத்தில் பிடித்த பிரெஞ்சு, நன்றாகவே வந்தது. நான் மறித்தேன்.

"தமிழிலை கதை, பிள்ளை. அது உன்ரை உரிமை."

என்ன சொன்னேன் என்று விளக்கியதும் அதிகாரி உருகிப்போனார். இந்த ஊர் அதிகாரிகளை உருகவைப்பது ஒரு பெரிய வேலையில்லை.

"மாமி தம்பியை வெளியிலை விட்டுக் கதவைப் பூட்டுறா," என்றாள் அனோஜினி. "அவன் குளிரிலை நடுங்கிறான், அன்ரி. எங்களை வேறை வீட்டிலை விடச் சொல்லுங்கோ."

நான் பிரெஞ்சில் சொன்னேன்: தம்பிக்குப் பல்கனியில் விளையாட ஆசை, குளிர் என்று மாமி விடுவதில்லை, அதுதான் அழுகிறான். மற்றப்படி இந்த வீடு இவர்களுக்குப் பிடித்திருக்கிறது.

அவளுக்குப் பிரெஞ்சு விளங்கும் என்பதை நான் மறக்கவில்லை. என் வாயையே பார்த்துக்கொண்டு முழுவதையும் கேட்டாள். பிறகு அதிகாரியின் பக்கம் திரும்பினாள். நான் அவளுடைய தலையைத் தடவிவிட்டு மெதுவாகச் சொன்னேன்.

"இனி ஒண்டும் சொல்லாதை. ஆரிட்டையும் சொல்லாதை. சொன்னியெண்டால் உன்னை ஒரு வீட்டிலையும் தம்பியை இன்னொரு வீட்டிலையும் விட்டிடுவினம்."

பயப்படாதே என்று தேற்றினேன் என அதிகாரியிடம் சொன்னேன். ரக்ஷனா, நிறுத்தவேண்டாம். நான் சொல்வதை அப்படியே அவருக்குச் சொல்லும்.

ஒரு வீட்டின் குறை வெளியே வந்தால் அத்தனை வீடுகளையும் மூடிவிடுவார்கள். ஒரு பிள்ளையின் அழுகைக்காக மற்றப் பிள்ளைகளின் தமிழையும் சோற்றையும் பலிகொடுக்க எனக்கு மனம் வரவில்லை. அறிக்கையும் நல்லபடி வந்தது. மற்றப் பகுதிகளும் எங்களைப் பின்பற்றலாம் என்று எழுதியிருந்தார்கள். அலுவலகத்தில் கேக் வெட்டினோம்.

ஜனவரியில் டினோஜன் அந்தப் பல்கனியில் விறைத்துச் செத்துப்போனான். யோசெப்பின் அக்கா அவனை விட்டுப் பூட்டிவிட்டு நித்திரையாகிவிட்டார். பூட்டின கதவின் திறப்பு அவருடைய தலையணைக்குக் கீழே இருந்தது. அனோஜினி கண்ணாடிக் கதவுக்கு உள்பக்கம் விடியும்வரை உட்கார்ந்திருந்தாளாம். குசினியில் தொலைபேசி இருந்தது. ஏன் எடுக்கவில்லை என்று பொலீசும் கேட்கிறது, பத்திரிகைக்காரரும் கேட்கிறார்கள். எனக்குத் தெரியும். யாரிடமாவது சொன்னால் தம்பியைப் பிரித்துவிடுவார்கள் என்று அவளை நம்பவைத்தது நான்தான். இதை நான் மறுக்கவில்லை. எழுதிக்கொள்ளுங்கள்.

அன்றிலிருந்து அவள் வாயே திறக்கவில்லையாம். தமிழிலும் இல்லை, பிரெஞ்சிலும் இல்லை. உங்கள் வைத்தியர்கள் பொம்மைகளை வைத்து என்னவோ முயற்சி செய்கிறார்கள் என்று கேள்விப்பட்டேன். வீண்வேலை. அந்தப் பிள்ளையின் மனம் எனக்குத்தான் தெரியும், ஐயா. என்னைக் கொஞ்ச நேரம் அவளோடு தனியே விடுங்கள். நான் சொன்னால் கேட்பாள்.