தோக்பா கொடுத்த பிள்ளை

"வேணாம் ஆபீசர், சோறு வேணாம். தண்ணி போதும்."

"பையன் போன துக்கத்துல ஏதேதோ பேசுறீங்கம்மா. வீட்டுக்குப் போய்ப் படுங்க. ஆத்து வெள்ளத்துக்கு யாரு என்ன பண்ண முடியும்?"

"வெள்ளத்த விடுங்க. நான் சொல்றத எழுதிக்குங்க."

என் பெயர் லோர்ப்பு. என் கடையில் நீங்களும் மரவள்ளிக் கீரையும் சோறும் சாப்பிட்டிருக்கிறீர்கள். மிளகாய் அதிகம் என்று திட்டியும் இருக்கிறீர்கள்.

தலைநகர் மன்ரோவியாவில் சிப்பாய்கள் அதிபர் மாளிகையைப் பிடித்த வருடம் எனக்குக் கல்யாணம். முதல் உள்நாட்டுச் சண்டையில் கணவர் போனார். இரண்டாவது சண்டையில் மகன் முல்பா. ஊருக்கு வெளியே சாலையில் கலகக்காரர்கள் கயிறு கட்டி ஆட்களை மறித்தார்கள். அங்கே தலைவன் தோக்பா. அவனுக்கே அப்போது மீசை முளைத்திருக்கவில்லை. தலையில் பெண்கள் வைக்கும் சிவப்பு டோப்பா. முல்பாவின் கால்சட்டையைத் தூக்கிப் பார்த்தான். ரப்பர் தோட்ட வேலைக்குப் போட்ட பூட்ஸின் தழும்பு கெண்டைக்காலில் இருந்தது.

"இது சிப்பாய் பூட்ஸ்டா," என்றான் தோக்பா. "கிழவி, நீ போ. இவன் இருக்கட்டும்."

நான் போனேன். சத்தம் மட்டும் கேட்டது.

சமாதானம் வந்த பிறகு, ஊர்ச் சபையில் தோக்பா வந்து என் காலைப் பிடித்தான். எல்லார் முன்னாலும் ஒருவன் காலைப் பிடித்துவிட்டால் இங்கே காலை இழுத்துக்கொள்ள முடியாது. மன்னித்தேன் என்று சொன்னேன். அவன் எழவில்லை.

"அம்மா, உன் பிள்ளைய என்னால திருப்பித் தர முடியாது. எனக்குப் பொறக்கிற மொத ஆம்பளப் பிள்ள உனக்குத்தான். பேரும் அவன் பேருதான்."

ஊரே கைதட்டியது. நான் அவனைப் பார்த்தேன். வீடில்லை, பெற்றவர்கள் இல்லை, காலில் ஒற்றைச் செருப்பு. அவனிடமிருந்து எடுத்துக்கொள்ள எதுவுமே இல்லை. ஏதாவது உண்டாகும்வரை காத்திருக்கலாம் என்று தோன்றியது. கோபமெல்லாம் இல்லை, ஆபீசர்.

சொன்னபடியே செய்தான். பால்குடி மறந்ததும் பிள்ளையைக் கொண்டுவந்து என் மடியில் விட்டான். நல்லபடியாகத்தான் வளர்த்தேன். ஒருநாளும் கை நீட்டியதில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் தோக்பா மீன் கொண்டுவருவான்.

"டேய் முல்பா, அம்மா சோத்துல என்னவிடப் பெரிய தொந்தி வச்சிட்டியேடா."

"உனக்குப் பொறாமை. அதான் வாரா வாரம் வந்து எங்க சட்டியக் காலி பண்றே."

சிரிப்பார்கள். நான் தோக்பாவின் கண்ணைத்தான் பார்ப்பேன். பிள்ளைமேல் அவனுக்கிருந்த ஆசை ஒவ்வொரு மழைக்கும் கூடியது. கதிரில் பால் பிடிப்பதைப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பையனை நீச்சல் கற்க நான் விடவில்லை. ஒரு பிள்ளையைப் பறிகொடுத்தவள், பயப்படுகிறாள் என்று ஊரில் சொன்னார்கள்.

இந்த மழையில் அவன் என் தோள் உயரத்துக்கு வந்துவிட்டான். என் மகன் இருந்த உயரம். அக்கரையில் பனை எண்ணெய் வாங்கி வரச் சொன்னேன். ஓடத்தின் அடியில் விரிசலுக்கு அடைத்திருந்த தார்த்துணியை முன்னமே நான் பிடுங்கி, அந்த இடத்தில் களிமண் வைத்திருந்தேன். களிமண் பாதி ஆறுவரை தாங்கும்.

"கருவாட்டுத் துண்டு ஒண்ணு எனக்கு எடுத்து வைம்மா. அப்பா வந்தா மிச்சம் வைக்க மாட்டாரு," என்று சொல்லிவிட்டுப் போனான்.

எடுத்து வைத்தேன்.

உடலைக் கரையில் கிடத்தியிருந்தபோது தோக்பா ஓடிவந்தான். அவன் வாயிலிருந்து வரப்போகும் சத்தத்துக்காகத்தான் இத்தனை வருடமும். ஆனால் அவன் பிள்ளையைத் தாண்டி ஓடிவந்து என்னைக் கட்டிக்கொண்டான்.

"அம்மா, உனக்கு ரெண்டாவது தடவையும் இப்படி ஆகணுமா? நீ எப்படித் தாங்குவேம்மா?"

எனக்காக அழுதான். கொடுத்ததைக் கொடுத்ததாகவே நினைத்திருக்கிறான். அது அவனுடைய பிள்ளை என்பதே அவனுக்கு உறைக்கவில்லை.

ஓடத்தைப் பற்றி அவனிடம் சொல்லிவிட்டேன். என் தலையைத் தடவிக்கொடுத்தான். அம்மாவுக்குப் புத்தி கலங்கிவிட்டது, தனியாக விடாதீர்கள் என்று பக்கத்து வீட்டில் சொல்லிவைத்தான். இப்போதும் வெளியே பெஞ்சில்தான் இருக்கிறான், என்னைக் கூட்டிப்போக. மழை தூறுகிறது என்று என் சால்வையையும் எடுத்து வந்திருக்கிறான்.

"நான் சொன்னா நம்ப மாட்டேங்குறான், ஆபீசர். உங்க போலீஸ் சட்டைக்கு மரியாதை உண்டு. செத்தது அவன் பிள்ளைன்னு நீங்க கொஞ்சம் வெளிய போய் அவன்கிட்ட சொல்றீங்களா?"