பெரியவரின் வெள்ளி முகம்

எனக்குச் சர்க்கரை போடாத தேநீர்தான் பழக்கம், அஃபாண்டே. இந்த ஸ்டேஷனில் உங்கள் காவலர் கொடுத்ததைக் குடித்துவிட்டேன். குறையாகச் சொல்லவில்லை.

என் பெயர் கிருண்டா. இங்கே ஜிஞ்சாவில் துணி ஆலையை மூடும்வரை பத்தொன்பது வருடம் மேற்பார்வையாளனாக இருந்தேன். நினைவு நாணயங்கள் சேர்ப்பேன். ஊர் சபித்த மனிதர்களின் முகம் பொறித்தவை மட்டும். காங்கோவைச் சொந்தத் தோட்டம்போல் வைத்திருந்த வெள்ளைக்கார ராஜா, தனக்குத் தானே முடிசூட்டிக்கொண்ட படைத்தலைவர், இப்படி. தெருப் பலகையிலிருந்து இவர்கள் பெயரைச் சுரண்டிவிடலாம், வெள்ளியிலிருந்து முடியாது. கொடுமைக்காரர்கள் நாணயம் அடிப்பதில் கஞ்சத்தனம் பார்ப்பதுமில்லை. தாடியின் ஒவ்வொரு இழையும் தெரியும்.

ஆலை போன பிறகு ஒவ்வொன்றாக விற்றுச் சாப்பிட்டோம். ஒன்றுதான் மிஞ்சியது. நம் நாட்டின் பழைய ராணுவ ஆட்சியாளருடையது. எங்கள் தெருவில் அவர் பெயரை யாரும் சொல்வதில்லை, 'பெரியவர்' என்போம்.

என் மனைவி நைகாகாவுக்கு இதயத்தில் ஒரு வால்வு பழுது. கம்பாலாவில் அறுவைசிகிச்சை செய்ய வேண்டும் என்றார்கள். அந்த நாணயத்தை வாங்க நைரோபியிலிருந்து ஒரு வியாபாரி சனிக்கிழமை வருவதாக அவளே ஏற்பாடு செய்திருந்தாள்.

"அந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு என்னங்க பண்ணப்போறீங்க? நான் மூச்சு விடணும், அவ்வளவுதான்" என்றாள்.

நியாயமான பேச்சு. நான் மறுக்கவில்லை.

வியாழக்கிழமை, பக்கத்து வீட்டு பாலிகோவா வந்தான். டயருக்கு ஒட்டுப்போடுகிறவன். விற்பதற்கு முன் ஒரு முறை பார்க்க வேண்டும் என்றான். அவனுடைய அப்பாவைப் பெரியவரின் ஆட்கள் கார் டிக்கியில் போட்டுக்கொண்டு போனார்கள். உடல்கூட வரவில்லை. நாணயத்தை உள்ளங்கையில் வைத்து வெகுநேரம் பார்த்தான்.

"குடுண்ணே, நைல் ஆத்துல வீசிட்டு வந்துடறேன். எங்கப்பாவ அதுலதான் போட்டாங்களாம். இந்தாளும் போய்க் கெடக்கட்டும்."

சிரித்துக்கொண்டேதான் சொன்னான். வாசலில் நாலைந்து பேர் கேட்டார்கள். என் கையில் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனான்.

மறுநாள் காலை நாணயத்தை என் காலுறைக்குள் வைத்துக்கொண்டேன். இடது கால். நாணயப் பெட்டியைத் திறந்து காட்டி, "காணோம்" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். யாரையும் கைகாட்டவில்லை. நைகாகா சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். அவள் அழுத சத்தத்தில் தெருவே வந்தது.

"நேத்து வீசிடறேன்னு சொன்னானே, அவனா?" என்று யாரோ கேட்டார்கள்.

என் பக்கம் திரும்பினார்கள். நான் தரையைப் பார்த்தேன். தரையைப் பார்ப்பது குற்றமா, அஃபாண்டே?

கூட்டம் போனபோது பாலிகோவா டயர் ஒன்றைத் தண்ணீரில் அமுக்கி ஓட்டை தேடிக்கொண்டிருந்தான். செங்கல்லும் இரும்புக் கம்பியும் அவன் கடையிலேயே கிடந்தன. "கிருண்டாண்ணே, சொல்லுங்கண்ணே! ஒங்க கையிலதானே குடுத்தேன்!" என்று கூப்பிட்டான். மூன்று முறை கூப்பிட்டான். நான் இருபதடி தள்ளி நின்றேன். வாயைத் திறந்திருந்தால் சனிக்கிழமை வியாபாரி வந்து நாணயத்தைக் கொண்டுபோயிருப்பார். பத்து நிமிடம்கூட ஆகவில்லை, அவன் மூச்சு நின்றுபோக.

அடக்கத்துக்கு நடந்தே போனேன். பாதத்தில் நாணயம் உறுத்தி நொண்டினேன். வீடு வந்ததும் நைகாகா, "கால்ல என்ன? காட்டுங்க" என்று குனிந்து காலுறையை உருவினாள். பெரியவர் தரையில் விழுந்து உருண்டார்.

அவள் நாணயத்தைக் கழுவினாள். பாலிகோவாவின் மனைவி வீட்டுக்குப் போனாள். நேற்று இரண்டு பேருமாக உங்களிடம் வந்தார்கள். "வீட்டுலயே கெடந்துச்சுங்க. அவன் திருடல, அதை மட்டும் எழுதிக்குங்க" என்றாளாம் நைகாகா. என்னைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. நல்லவள். நாணயத்தைத் திங்கட்கிழமை கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டு போகச் சொன்னீர்களாம். விற்று, முழுவதையும் அந்த விதவையிடம் கொடுக்கப்போகிறாளாம். தனக்கு வைத்தியம் வேண்டாமாம். அந்த வீட்டிலிருந்து திரும்பி வரவும் இல்லை.

அதனால்தான் நானே வந்தேன். எழுதிக்கொள்ளுங்கள். நாணயத்தை ஒளித்தவன் நான். அவன் குற்றமற்றவன் என்று தெரிந்தே சாகவிட்டவன் நான். ஒரு அப்பாவியின் மேல் பழி போட்டுவிட்டு நிம்மதியாக இருக்க முடியுமா? மனசாட்சி இருக்கிறதே.

இப்போது அந்த நாணயம் கண்டெடுத்த பொருள் அல்ல, கொலை வழக்கின் தடயம். தீர்ப்பு வரும்வரை யாரிடமும் கொடுக்க மாட்டார்கள் என்று வாசலில் நிற்கும் உங்கள் காவலரிடம் கேட்டுக்கொண்டுதான் உள்ளே வந்தேன். எத்தனை வருடம் ஆனாலும் நான் அவசரப்படுத்த மாட்டேன். நீங்கள் அதை வைக்கும் அலமாரியில் ஈரம் இறங்காது அல்லவா?