மூவாயிரமாவது வாசலில் நடந்தது

இந்த அவைக்குத் தலைமையேற்று, இன்னும் சற்று நேரத்தில் என்மேல் கோபம் கொள்ளப் போகிற நூலகக் குழுத் தலைவர் அவர்களே! முன்வரிசையை நிறைத்திருக்கும் பெரியோர்களே! பிள்ளைகள் அமைதியாகப் படிக்க ஓர் இடம் கிடைக்காதா என்று ஏங்கி வந்திருக்கும் தாய்மார்களே! தேர்வுக்குப் படிக்கும் தம்பிகளே, தங்கைகளே! இரண்டாம் வரிசையில் தலைகுனிந்து அமர்ந்திருக்கும் என் சம்பந்தியம்மா அவர்களே! அனைவரையும் வணங்குகிறேன். வணங்கிய தலையை நிமிர்த்தத்தான் வெட்கமாக இருக்கிறது.

நன்றியுரை ஆற்ற என்னை அழைத்தார்கள். எழுதியும் வந்தேன், சட்டைப்பையில் இருக்கிறது. அது அங்கேயே இருக்கட்டும்.

என்ன ஐயா? "சத்தமா பேசுங்க" என்கிறீர்களா? ஒலிபெருக்கியில் பழுதில்லை ஐயா. பழுது என் குரலில். கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

சற்று முன் இந்த மேடையில் நீங்கள் கண்டது என்ன? இந்தத் திரையின் முன்னே என் மருமகள் நின்றாள். நூலகத்தில் வீட்டிலிருந்தே இருக்கை பதிவு செய்யும் இணையதளத்தைக் காட்டினாள். அவள் இரவும் பகலும் இழைத்து இழைத்துக் கட்டிய தளம். "இனிமே பையைப் போட்டு இடம் பிடிக்க வேண்டாம். உட்கார்ந்தவரை இன்னொருத்தர் வந்து எழுப்ப முடியாது" என்றாள். கைதட்டினீர்கள்! அதோ அந்தத் தாய் தன் மகளுக்கு ஜன்னலோர இருக்கை ஒன்று கேட்டார். மருமகள் விரலை வைத்தாள். திரை வெளுத்தது! மறுபடியும் முயன்றாள்; மறுபடியும் வெளுத்தது! சிலர் சிரித்தீர்கள். தலைவர் கேட்டார்: "இதை நம்பி நூலகத்தை எப்படிம்மா கொடுக்கிறது? வேற ஆளைத்தான் பார்க்கணும் போல."

அப்போது நான் என்ன செய்தேன்? அவளுக்கு மாமனார் நான். அவள் வேலை செய்யும் சின்ன மென்பொருள் நிறுவனத்தின் முதலாளியும் நான். எழுந்தேன். இதே ஒலிபெருக்கியைப் பிடித்தேன். "சின்னப் பொண்ணு, அனுபவம் பத்தாது, பெரியவங்க மன்னிக்கணும்" என்றேன். ஆகா, எத்தனை பெருந்தன்மை! எத்தனை பேர் எனக்காகத் தலையாட்டினீர்கள்! அவள் மடிக்கணினியை மூடிக்கொண்டு பக்கத்து அறைக்குப் போய்விட்டாள்.

அவையோரே, அந்தத் தளத்தைச் சாய்த்தவள் அவள் அல்ல. நான்.

எப்படி என்று கேட்பீர்கள். கணினிக்குள் எண் போட்ட வாசல்கள் உண்டு, போர்ட் என்பார்கள். ஒரு வாசலில் ஒரு சர்வர்தான், அதாவது வருகிறவர்களுக்குப் பதில் கொடுக்கும் ஒரு நிரல்தான், உட்கார முடியும். எங்கள் அலுவலகத்துப் பொதுக் கணினியில்தான் அவளுடைய தளமும் ஓடுகிறது, எழுதியது சரியா என்று பார்க்கும் என் சோதனைகளும் ஓடுகின்றன. நான் ஒரு கோப்பைத் திருத்திச் சேமித்தால் போதும்; சோதனைகள் எல்லாம் தாமாகவே முதலிலிருந்து ஓடும். ஒவ்வொரு முறையும் ஒரு புது சர்வர் எழுந்து, மூவாயிரமாவது வாசலைத் தேடிப் போகும். போனால், பழைய சர்வர் அங்கேயே உட்கார்ந்திருக்கும்! ஏன்? வேலை முடிந்ததும் எழுந்து போ என்று அதற்கு நான் எழுதவே இல்லை! "இந்த வாசலில் ஏற்கெனவே ஆள் இருக்கிறது" என்று சிவப்பு எழுத்தில் பிழை வந்து நிற்கும்.

காரணத்தைத் தேடினேனா? பழையதை மூடினேனா? இல்லை. ஒரே ஒரு வரி எழுதினேன். அந்த வாசலில் யார் இருந்தாலும் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளு. பிறகு நீ உட்கார். யார் என்று கேட்காதே, எதற்கு வந்தார் என்று கேட்காதே, தள்ளு! அதை எழுதிவிட்டு நான் மீசையை வேறு தடவிக்கொண்டேன்.

மருமகள் அன்றே சொன்னாள். "மாமா, அந்த வரி வேண்டாம். இந்த எண்தான் வேணும்னு சோதனை அடம்பிடிக்கவே கூடாது. எது காலியோ அதைக் கணினியே கொடுக்கும். முடிஞ்சதும் மூடிட்டா சண்டையே இல்ல."

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "ஓடுதுல்லம்மா, விடு."

இன்று அவள் இங்கே பேசிக்கொண்டிருந்தாள். என் மடியிலே மடிக்கணினி. அலுவலகக் கணினியோடு இணைப்பில் இருந்தது. மருமகள் பேசுவதை மாமனார் கேட்க வேண்டாமா? கேட்கவில்லை. ஏதோ ஒரு கோப்பில் ஓர் எழுத்துப்பிழை கண்ணில் பட்டது. கை சும்மா இருக்கவில்லை. திருத்தினேன், சேமித்தேன். சோதனைகள் தாமாக ஓடின. என் வரி வேலையைக் காட்டியது. மூவாயிரமாவது வாசலில் அப்போது இருந்தது யார்? நீங்கள் பார்த்துக்கொண்டிருந்த அவளுடைய தளம்!

என் மடியில் எல்லாச் சோதனையும் வெற்றி என்று பச்சை எரிந்தது. அதே நொடியில் அவள் திரை வெளுத்தது. எனக்கு அப்போதே புரிந்துவிட்டது. புரிந்தபின்தான், அன்பர்களே, புரிந்தபின்தான் "சின்னப் பொண்ணு" என்றேன்.

முன்வரிசைப் பெரியவர் "அடச்சீ" என்கிறார். இன்னும் உரக்கச் சொல்லுங்கள் ஐயா. எனக்குத் தகும்.

தேநீர் இடைவேளையில் பக்கத்து அறைக் கதவைத் தட்டினேன். திறந்தாள். அழுதிருப்பாள் என்று நினைத்துப் போனேன், அழவில்லை. "நீங்க சேமிச்சிருப்பீங்கன்னு அப்பவே தெரியும் மாமா. தளம் போனதுகூடப் பரவாயில்ல. நீங்க மைக்கைப் பிடிச்சு..." என்றாள். மீதியைச் சொல்லவில்லை. அந்த மீதியை நான் வீட்டுக்கும் சுமந்து போவேன்.

இருவரும் உட்கார்ந்து அந்த வரியை அழித்தோம். இனி என் சோதனைகள் காலியான வாசல் எதுவோ அதில் உட்காரும். முடிந்ததும் தானாக எழுந்து வழிவிடும். செய்வதற்கு இவ்வளவுதான் இருந்தது. இதைத்தான் இத்தனை காலம் "விடு" என்றேன்.

அதோ, வருகிறாள். வாம்மா. மேலே வா. தளத்தைத் திரையில் போட்டுவிட்டாயா? என்னம்மா சொல்கிறாய்?

கேட்டீர்களா அவையோரே? "மாமா, எல்லாரும் பார்க்கட்டும். இப்ப சேமிங்க" என்கிறாள்.

இதோ, என் மடிக்கணினியைத் திறக்கிறேன். சேமிக்கிறேன். சோதனைகள் ஓடுகின்றன... ஓடுகின்றன... திரையைப் பாருங்கள்! தளம் சாயாமல் நிற்கிறது! இன்னொரு முறை சேமிக்கிறேன். அசையாமல் நிற்கிறது! அம்மா, ஜன்னலோர இருக்கை கேட்டீர்களே, உங்கள் மகளின் பெயரைச் சொல்லுங்கள். பதிவாகிவிட்டது!

இந்தக் கைதட்டல் எனக்கல்ல, அவளுக்கு. தலைவர் ஏதோ சொல்கிறார், அமைதி, அமைதி! "வேற ஆள் எதுக்கு? இந்தப் பொண்ணே செய்யட்டும்." தலைவர் அவர்களே, நன்றி. பொறுத்துக் கேட்ட பெரியோர்களுக்கும் தாய்மார்களுக்கும் நன்றி. சம்பந்தியம்மா, நிமிர்ந்து உட்காருங்கள். குனிய வேண்டியது உங்கள் தலையல்ல.

மருமகளே, என்னை மன்னித்துவிடு என்று இத்தனை பேர் முன்னால் கேட்கிறேன். பதிலை வீட்டில் சொன்னால் போதும்.

ஒரே ஒரு விண்ணப்பம். இந்த மேடையில் நாற்காலிகளை எண்ணித்தான் போட்டிருக்கிறார்கள். இவளுக்கென்று ஒன்று போடவில்லை. என் நாற்காலியில் இவள் உட்காரட்டும். யாரும் என்னைத் தள்ள வேண்டாம். என் வேலை முடிந்தது, நானே எழுந்து போகிறேன். வணக்கம்!